பழைய டயருக்கு மறுவாழ்வு கொடுத்த பஸ் முதலாளி

ஒரு சிறிய ஆணி. மாட்டின் காலில் லாடம் அடிக்கிற ஆணி. அதன் விலை காலணா கூடப் பெறாது.

ஆனால், ஒரு பஸ் நிறையப் போகும் ஜனங்களை அது நடுக்காட்டில் நிறுத்திவிடும். சக்கரம் புஸ்ஸென்று காற்றை விடும். பஸ் ஒரு பக்கமாகச் சாயும். டிரைவர் இறங்கிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்வார். கல்யாணத்துக்குப் போகிறவர், கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிறவர், பிரசவ வலி கண்ட மகளைப் பார்க்கப் போகிற தாய் எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார வேண்டியதுதான்.

டயரில் ஓட்டை விழுந்துவிட்டது. ஒட்டுப் போட்டு ஓட்டலாமா? அல்லது தூக்கி எறிந்துவிட்டுப் புது டயர் வாங்குவதா?

கார் வைத்திருப்பவர்கள் இன்றும் இந்தக் கேள்வியில் திண்டாடுகிறார்கள். இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டிய ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவர்தான் டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தால் நாடு முழுவதும் தெரிந்த சுந்தரம் அய்யங்கார்.

குறுங்குடி பிள்ளை

திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் திருக்குறுங்குடி என்று ஓர் ஊர் இருக்கிறது. வைணவர்கள் கொண்டாடும் 108 திருப்பதிகளில் அது ஒன்று. நம்பி கோயில் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. அந்த ஊரில் 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி சுந்தரம் பிறந்தார். டி.வி.எஸ். என்பதில் உள்ள முதல் எழுத்து திருக்குறுங்குடியைக் குறிப்பதுதான்.

மகன் வக்கீலாக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. மகனும் முதலில் அந்த வழியில் போனார். பிறகு ரெயில்வேயில் வேலை பார்த்தார். அதன் பிறகு ஒரு பாங்கியில் வேலை பார்த்தார்.

அந்தக் காலத்தில் ரெயில்வே உத்தியோகமும் பாங்கி உத்தியோகமும் லேசில் கிடைக்கக்கூடியவை அல்ல. மாதம் பிறந்தால் சம்பளம். ஊரில் மரியாதை. பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். அப்படிப்பட்ட வேலையை உதறிவிட்டு ஒருவர் மோட்டார் வண்டியை நம்பி இறங்கினால், சொந்தக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1911-ல் அவர் தம் பெயரில் கம்பெனி தொடங்கினார். 1912-ல் மதுரையில் முதன் முதலாக பஸ் விட்டார். அப்போது அவருக்கு வயது 35.

மாட்டு வண்டிச் சாலையில் மோட்டார்

இன்றைய தார் ரோட்டை மறந்துவிடுங்கள். அன்றைய சாலை கப்பியும் மண்ணும் போட்டது. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி. சாலை நெடுகிலும் மாட்டு வண்டிகள். லாடம் தேய்ந்து மாட்டுக் காலில் இருந்து விழுந்த ஆணிகள் வழியெல்லாம் கிடக்கும்.

மாட்டு வண்டிக்கு அந்த ஆணியால் ஆபத்து இல்லை. அதன் சக்கரம் மரமும் இரும்புப் பட்டையும். மோட்டார் வண்டியின் சக்கரமோ ரப்பர். உள்ளே காற்று. இரண்டுக்கும் ஒரே சாலை.

டி.வி.எஸ். பஸ் என்றால் நேரம் தவறாது என்ற பெயர் மதுரைப் பக்கத்தில் ஆழமாக வேரூன்றி இருந்தது. பஸ் வருவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். ரெயிலுக்கே அந்தப் பெயர் கிடைப்பது கஷ்டம்.

அப்படி நேரத்துக்கு ஓட்ட வேண்டுமானால் முதல் எதிரி யார்? பஞ்சர்தான். என்ஜின் கெட்டுப்போவது எப்போதோ ஒரு முறை. பஞ்சரோ சொல்லாமல் வரும் விருந்தாளி.

இதற்கு அவர் செய்த ஏற்பாடு பற்றிப் பழைய மனிதர்கள் வியப்போடு சொல்லும் செய்தி ஒன்று உண்டு. பெரிய காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட விடுவாராம். கிடக்கிற ஆணிகளை எல்லாம் காந்தம் இழுத்துக்கொள்ளுமாம். அதன் பிறகு பஸ் போகுமாம். ஓட்டை விழுந்த பிறகு என்ன செய்வது என்று யோசிப்பதை விட, விழாமல் தடுப்பது லாபம் அல்லவா?

டியூப் வேறு, டயர் வேறு

இங்கே கொஞ்சம் நின்று, டயர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இது தெரியாததால்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். சிலர் உயிரையே பணயம் வைக்கிறார்கள்.

ரப்பர் பாலில் இருந்து எடுக்கும் ரப்பர் வெயிலில் இளகும். குளிரில் விறைத்து உடையும். அதில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று 1839-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர். 1888-ல் காற்று அடைத்த டயருக்கு உரிமை பெற்றவர் டன்லப். அவர் மாட்டு வைத்தியர். அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரத்தில் இருந்தார். தம் சிறு மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் ரோட்டில் கடகடவென்று ஆடுவதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்று அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். அவருக்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே தாம்சன் என்பவர் இதே யோசனையைப் பதிவு செய்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. டன்லப்பின் உரிமை செல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

டயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே பல அடுக்குகள் இருக்கும். சாலையைத் தொடுகிற மேல் பகுதி கனத்த ரப்பர். அதில்தான் வெட்டுக் கோடுகள் இருக்கும். அதை நம் டிரைவர்கள் பட்டன் என்பார்கள். அதற்கு அடியில் நூலால் அல்லது கம்பியால் பின்னிய உடம்பு. பாரத்தைத் தாங்குவது இந்த உடம்புதான். ஓரத்தில், சக்கரத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்க இரும்புக் கம்பி. பட்டனுக்கும் கம்பிக்கும் நடுவே பக்கச் சுவர். வண்டி ஓடும்போது ஓயாமல் மடங்கி நிமிர்வது இதுதான்.

அந்தக் காலத்து வண்டிகளில் காற்று டியூபில் இருந்தது. ஆணி குத்தினால் டியூபுக்கு ஒட்டுப் போட்டால் தீர்ந்தது. டயரில் உள்ள ஓட்டை சிறியதானால் அதைப் பற்றிக் கவலை இல்லை. இன்றைய கார்களில் பெரும்பாலும் டியூப் கிடையாது. டயரே காற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஓட்டை எங்கே விழுந்தது என்பது இன்று முன்பை விட முக்கியம்.

யுத்தம் வந்தது

1939-ல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. கடல் கடந்து எங்கோ நடக்கும் சண்டை என்று முதலில் ஜனங்கள் நினைத்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரர்கள் மலாயாவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் விழுந்தது.

உலகத்துக்கு ரப்பர் கொடுத்துக்கொண்டிருந்த இடம் மலாயாவும் அதை ஒட்டிய தீவுகளும்தான். அந்தத் தோட்டங்களில் பால் வடித்தவர்களில் ஏராளமானோர் நம் தமிழர்கள். அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. ஒரே அடியில் ரப்பர் வழி அடைபட்டது. திருவிதாங்கூரில் விளைந்த ரப்பருக்கு ராணுவம் முதல் ஆளாகக் கை நீட்டியது. அப்போது இந்தியாவில் டயர் செய்த தொழிற்சாலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வங்காளத்தில் சகாகஞ்ச் என்ற இடத்தில் 1936-ல் டன்லப் தொடங்கிய ஆலை அவற்றில் ஒன்று.

புது டயருக்குக் கட்டுப்பாடு. பெட்ரோலுக்கும் ரேஷன். பஸ் இருக்கிறது. டிரைவர் இருக்கிறார். சாலையில் ஜனங்கள் காத்து நிற்கிறார்கள். ஓட்டுவதற்கு எண்ணெய் இல்லை. மாட்டுவதற்கு டயர் இல்லை.

சுந்தரம் அய்யங்காருக்கு அப்போது 65 வயது. ஓய்வு எடுக்க வேண்டிய வயது.

பெட்ரோல் தட்டுப்பாட்டுக்கு அவர் கண்ட வழி டி.வி.எஸ். கரி வாயு கலம். பஸ்சின் பின்னால் பீப்பாய் போன்ற அடுப்பு இருக்கும். அதில் அடுப்புக் கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரித்தால் எரியக்கூடிய வாயு வரும். அந்த வாயு என்ஜினை ஓட்டும். பெட்ரோல் கொடுக்கும் வேகம் அதில் வராது. மேடு வந்தால் வண்டி முக்கும். ஆனால் பஸ் நிற்காமல் ஓடியது. அதுதான் வேண்டியது.

டயர் விஷயம் அவ்வளவு சுலபம் அல்ல. கரியை எரித்து ரப்பர் உண்டாக்க முடியாது. ஆகவே, இருக்கிற டயரை இன்னொரு தடவை ஓட வைக்க வேண்டும். டயருக்குப் புது ரப்பர் போடும் தொழிற்சாலையை அவர் ஏற்படுத்தினார். ரீட்ரெடிங் என்று இதைச் சொல்வார்கள்.

டயருக்குச் சோதனை

பட்டன் தேய்ந்துவிட்டால் டயர் மொட்டையாகிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் உடம்பு நன்றாக இருக்கலாம். செருப்பில் அடி தேய்ந்து, மேல் வார் கெட்டியாக இருப்பது போல. அந்தச் செருப்பை யாராவது எறிவார்களா? அடி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள் அல்லவா? அதே யோசனைதான் இது.

ஆனால், கொண்டுவந்த டயரை எல்லாம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் சோதனை. டயரை விரித்துப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் உட்பக்கத்தைப் பார்ப்பார்கள். விரலால் தடவிப் பார்ப்பார்கள். நூல் அறுந்திருக்கிறதா? அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கிறதா? பக்கச் சுவர் கிழிந்திருக்கிறதா? ஓரத்துக் கம்பி வளைந்திருக்கிறதா? காற்று இல்லாமல் ஓட்டிய தடம் தெரிகிறதா? இதில் ஏதாவது இருந்தால் அந்த டயரை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

சோதனையில் தேறிய டயரின் மேல் பகுதியை அரத்தால் ராவுவது போல ராவிச் சமப்படுத்துவார்கள். ஆணி குத்திய ஓட்டைகளைச் சுத்தம் செய்து அடைப்பார்கள். ரப்பர் பசை தடவுவார்கள். அதன் மேல் பச்சை ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டுவார்கள். பிறகு இரும்பு அச்சுக்குள் வைத்து நீராவியால் சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டில் பச்சை ரப்பர் வெந்து, பழைய டயரோடு ஒன்றாகிவிடும். அச்சில் உள்ள வெட்டுக் கோடுகள் அப்படியே பதிந்துவிடும். வெளியே எடுத்தால் புது டயர் போல இருக்கும். செலவு புது டயர் விலையில் ஒரு பங்குதான்.

யுத்தம் முடிந்த பிறகும் இந்தத் தொழில் போகவில்லை. பஸ் கம்பெனிகளும் லாரிக்காரர்களும் இதை விடவில்லை. இன்றும் விடவில்லை. முன் சக்கரத்துக்குப் புது டயர், பின் சக்கரத்துக்கு ரீட்ரெட் என்பது பல டெப்போக்களில் வழக்கம். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம்தான் காரணம். நியாயமான பயம்.

இந்த வேலைக்கு வேண்டிய ரப்பர் பட்டையைச் செய்யும் தொழிலில் 1952-ல் இன்னொருவர் இறங்கினார். சென்னை திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த மாம்மன் மாப்பிள்ளைதான் அவர். அவருடைய எம்.ஆர்.எப். கம்பெனி பிற்பாடு டயரே செய்து பேர் வாங்கியது.

தோணிரேவு மீனவரைக் கேளுங்கள்

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு போன்ற மீனவர் ஊர்கள் இருக்கின்றன. அங்கே கிழிந்த வலையோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் போய், இதைத் தைப்பதா, எறிவதா என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டையின் அளவைப் பார்த்து அவர் முடிவு செய்ய மாட்டார். ஓட்டைக்குப் பக்கத்தில் உள்ள நூலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். நூல் கெட்டியாக இருந்தால் வலை ஊசியை எடுப்பார். எவ்வளவு பெரிய கிழிசலானாலும் முடிச்சுப் போட்டுவிடுவார். நூல் பொடபொடவென்று அறுந்தால் ஊசியை எடுக்க மாட்டார். இன்று தைத்த இடத்துக்குப் பக்கத்தில் நாளை கிழியும் என்பது அவருக்குத் தெரியும்.

டயருக்கும் இதே கணக்கு.

நடுப் பட்டனில் ஆணி குத்தி, ஓட்டை கால் அங்குலத்துக்கு மேல் போகாமல் இருந்தால் பஞ்சர் ஒட்டி ஓட்டலாம். டயரைக் கழற்றி, உள்ளே பார்த்து, ஓட்டையை அடைத்து, உட்பக்கத்தில் ஒட்டும் போடுவதுதான் சரியான முறை. வெளியில் இருந்து திரியைச் செருகுவது அவசரத்துக்குச் செய்வது. கடை வரை போய்ச் சேருவதற்கு அது போதும். அதையே நம்பி ஊர் ஊராகப் போகக் கூடாது.

ஓட்டை பக்கச் சுவரிலோ, பட்டன் முடிந்து சுவர் தொடங்கும் தோள் பகுதியிலோ இருந்தால் ஒட்டக் கூடாது. அந்த இடம் ஓயாமல் மடங்குவதால் ஒட்டு நிற்காது. சுவரில் கொப்புளம் போல வீங்கி இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். பழைய ஒட்டின் மேலேயே இன்னொரு ஓட்டை விழுந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த கார் டயரை ஓட்ட நம் நாட்டுச் சட்டமே இடம் கொடுக்கவில்லை. அதற்கு ஒட்டுப் போடுவது காசைக் கரியாக்குவது.

இன்னும் ஒன்று. காற்று இறங்கியது தெரிந்தும், கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மீன் கூடையை ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டில் இருந்து பொன்னேரி வழியாகச் சென்னைக்கு வரும் வண்டி என்று வையுங்கள். ஐஸ் உருகுகிறது. மார்க்கெட் நேரம் தப்பினால் விலை போய்விடும். வண்டியை நிறுத்த மனம் வருமா? வராது. ஆனால் காற்று இல்லாத டயரின் மேல் வண்டி ஏறி மிதித்துக்கொண்டு போனால், சில நிமிஷத்தில் பக்கச் சுவரின் உள்பக்கம் நசுங்கித் தூளாகிவிடும். கழற்றினால் உள்ளே கறுப்புப் பொடி கொட்டும். ஆணி செய்த ஓட்டையை ஒட்டலாம். வண்டி செய்த இந்தக் காயத்தை ஒட்ட முடியாது. சில ரூபாயில் போக வேண்டியது புது டயர் செலவில் வந்து நிற்கும். மீன் போனாலும் பரவாயில்லை, ஸ்டெப்னியை மாற்றிவிட்டுப் போவதே மேல்.

மகள் சவுந்தரம்

பஸ் முதலாளியின் வீட்டுக்குள்ளும் ஒரு பெரிய கதை நடந்தது. அதைச் சொல்லாமல் அவர் வாழ்க்கை முழுமை ஆகாது.

அவருடைய மகள் சவுந்தரம் 1904-ல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் சவுந்தரராஜன் டாக்டர். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர், அந்த நோயே தாக்கி இறந்துவிட்டார். சவுந்தரம் இளம் விதவை ஆனார்.

அன்றைய பிராமணக் குடும்பங்களில் விதவை என்றால் எப்படி நடத்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். சவுந்தரம் மூலையில் உட்காரவில்லை. படிக்கப் போனார். டெல்லியில் லேடி ஹார்டிஞ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936-ல் டாக்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 32.

டெல்லியில் காந்தியடிகளின் தொடர்பு கிடைத்தது. அங்கேதான் கேரளத்தைச் சேர்ந்த ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். விதவைக்கு மறு கல்யாணம். அதுவும் வேறு ஜாதியில். வேறு மொழிக்காரரோடு. மதுரையில் பெரிய மனிதராக விளங்கிய தகப்பனாருக்கு இது எவ்வளவு பெரிய சோதனை! பெற்றோர் முதலில் சம்மதிக்கவில்லை. ஓர் ஆண்டு பிரிந்திருங்கள், அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் பார்க்கலாம் என்பது காந்தியடிகளின் யோசனை. மனம் மாறவில்லை. 1940-ல் காந்தியடிகளின் ஆசியோடு கல்யாணம் நடந்தது.

1947-ல் இந்தத் தம்பதிகள் திண்டுக்கல்லை அடுத்து காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சவுந்தரம் 1962-ல் பார்லிமெண்டு உறுப்பினராகி, மத்திய கல்வி துணை மந்திரியாகவும் இருந்தார். 1984-ல் காலமானார். மதுரையில் தகப்பனாரின் பஸ்சைத் தெரியாதவர் இல்லை என்றால், திண்டுக்கல் கிராமங்களில் மகளின் ஆஸ்பத்திரியைத் தெரியாதவர் இல்லை.

கொடைக்கானலில் முடிவு

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தொழிலுக்கு வந்தார்கள். சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் ஓடின. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று கம்பெனிகள் பெருகின. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்பதில் சுந்தரம் மோட்டார்ஸ் முன்னணியில் நின்றது. 1954-ல் மகன் சந்தானம், லாரி வாங்குவோருக்குக் கடன் கொடுக்க சுந்தரம் பைனான்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். தகப்பனார் அதைக் கண்ணால் பார்த்தார்.

அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 28-ந் தேதி கொடைக்கானலில் உள்ள தம் வீட்டில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். அவருக்கு வயது 78.

1970-களின் தொடக்கத்தில் அரசு பஸ்களை எடுத்துக்கொண்டது. டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. கடிகாரம் திருத்த உதவிய பஸ்கள் வேறு பெயர்ப் பலகையோடு அதே சாலைகளில் ஓடின.

டயர் மட்டும் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. பழைய டயருக்குப் புது ரப்பர் போட்ட அய்யங்காரின் வாரிசுகள் 1982-ல் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா என்ற கம்பெனியை ஏற்படுத்தி, மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் புது டயரே செய்யத் தொடங்கினார்கள்.